அறிவியல் பணியை விட்டு, ஐம்பது வயதுக்கு மேல் ரபி ஆவது எப்படி

யூத சமயத்தில் கூட்டு வழிபாடு நடத்துவதற்கு ரபி தேவையில்லை. வயதுவந்த யூதர் 10 பேர் கூடினால் போதும். அவர்களுள் எபிரேயம் வாசிக்கத் தெரிந்த எவரும் முன்னின்று நடத்தலாம். பூசாரிக்கோ பாதிரியாருக்கோ உள்ளதைப் போன்ற தனிச் சடங்கு அதிகாரம் ரபிக்குக் கிடையாது. 'என் ஆசான்' என்பதே அச்சொல்லின் பொருள். சமயச் சட்டத்தை முறையாகக் கற்று, ஐயம் கேட்டு வருபவருக்கு விடை சொல்லும் தகுதியை ஆசிரியரிடமிருந்து பெற்றவரே பழைய வழக்கில் ரபி. இன்றோ திருமணம், நோய், மரணம் ஆகிய வேளைகளில் குடும்பங்களுடன் இருப்பதும், வாரந்தோறும் உரையாற்றுவதும், ஒரு சபையின் வரவு செலவு முதல் மனத்தாங்கல்கள் வரை சுமப்பதும் அப்பணியுடன் சேர்ந்துவிட்டன.

எனவே ஆய்வகத்தை விட்டுவிட்டு இப்பாதைக்கு வர நினைப்பவர் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உங்களை இழுப்பது நூல்களா, மனிதர்களா? நூல்கள் மட்டுமே என்றால் ரபி பட்டம் வேண்டியதில்லை. வேலையில் இருந்துகொண்டே வாழ்நாள் முழுவதும் கற்கலாம், யூத மரபு அத்தகைய கற்றலைப் பெரிதும் போற்றுகிறது. மனிதர்களும் சேர்ந்து இழுத்தால்தான் கீழே சொல்லப்படும் பாடுகளுக்குப் பொருள் உண்டு. இப்பாதை பல கிளைகளாக விரிந்திருப்பது அமெரிக்காவில் என்பதால் அந்நாட்டு நடைமுறையையே பெரும்பாலும் விளக்குகிறேன். ரபி ஆக விரும்புபவர் யூதராக இருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. யூத சமயத்துக்கு மாறி வந்தவரும் ரபி ஆகலாம்; ஆனால் ஒரு பதவியைக் கருதி மாறுவதை அம்மரபு ஏற்பதில்லை, மாறிய பின் அவ்வாழ்வை வாழ்ந்து பழகியிருக்க வேண்டும் என்றே பள்ளிகள் எதிர்பார்க்கின்றன.

பதவி விலகலுக்கு முன் இரண்டு ஆண்டுகள்

விலகல் கடிதம் எழுதுவதற்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சோதனையைத் தொடங்குங்கள். முதற்கண் ஓய்வுநாளாகிய ஷபாத்தை ஒழுங்காகக் கடைப்பிடியுங்கள். வெள்ளி மாலை கதிரவன் மறைவதற்கு முன் தொடங்கிச் சனி இரவு விண்மீன்கள் தோன்றும் வரை மின்னஞ்சல் இல்லை, கருவியில் ஓடும் சோதனையைப் பார்க்கப் போவதும் இல்லை என்று ஓராண்டு வாழ்ந்து பார்த்தால், உங்கள் குடும்பம் அதை எப்படித் தாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

அடுத்தது தல்மூத், அதாவது யூத சமயச் சட்ட வாதங்களைத் திரட்டிய பெருநூல். பாபிலோனிய தல்மூத்தில் 2,711 ஏடுகள் உள்ளன. நாளுக்கு ஓர் ஏடு என்று உலகெங்கும் ஒரே வரிசையில் படிக்கும் திட்டத்தை 1923-இல் ரபி மேயிர் ஷபீரோ முன்வைத்தார். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் ஆகும். முழுச் சுற்றையும் முடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு நூற்பகுதியையாவது நாள் தவறாமல் படித்து முடியுங்கள். செஃபாரியா என்னும் இணைய நூலகத்தில் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் தனியாகப் படிக்காதீர்கள். இருவர் எதிரெதிரே அமர்ந்து, உரக்க வாசித்து, ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்துப் படிக்கும் 'ஹெவ்ருத்தா' முறையே இந்நூலுக்கு உரிய வழி. அந்த இணை உங்களைவிட இருபது வயது இளையவராகவும் உங்களைவிடத் தேர்ந்தவராகவும் இருந்தால் இன்னும் நல்லது. துறைத் தலைவராக இருந்தவர் தமது பிழையை ஒரு மாணவர் திருத்தும்போது எப்படி உணர்கிறார் என்பதை இச்சோதனை முன்கூட்டியே காட்டிவிடும்.

பேராசிரியராக இருப்பவர்களுக்கு ஆய்வு விடுப்பு ஒரு பெரிய வாய்ப்பு. ஜெருசலேமில் 1972 முதல் இயங்கும் பார்தேஸ் நிறுவனம், நியூயார்க்கில் உள்ள ஹதார் ஆகியவற்றில் ரபி பட்டத்தை நோக்காமல் மூலநூல்களைக் கற்கலாம். திரும்பி வர ஒரு வேலை இருக்கும்போதே இப்படிப்பைச் சுவைத்துப் பார்ப்பது, துறந்த பின் சுவைப்பதைவிட நேர்மையான சோதனை.

எழுத்துப் பலகையின் ஒரு முனை

பெரும்பாலானோர் தடுமாறும் இடம் மொழி. பழைய ஏற்பாட்டு எபிரேயம், வழிபாட்டு எபிரேயம், தல்மூத்தின் அரமேயம், ஜெருசலேமில் ஓராண்டு தங்க நேர்ந்தால் தற்கால எபிரேயம் என இங்கே கற்க வேண்டியவை நான்கு. பள்ளிகள் பொதுவாகக் கல்லூரி அளவில் ஓரிரு ஆண்டு எபிரேயம் படித்திருப்பதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்கும். தல்மூத்தில் உயிர்க்குறியும் இல்லை, நிறுத்தக்குறியும் இல்லை. ஒரு வாக்கியம் கேள்வியா விடையா என்பதையே வாசகர்தாம் கண்டுபிடிக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் நினைவாற்றல் முன்போல் இராது என்பதால் நாள்தோறும் முக்கால் மணி நேரம் என்ற கணக்கில் மூன்று ஆண்டுகளாவது ஒதுக்குங்கள். (தமிழ் அறிந்தவர்களுக்கு ஒரு சிறு மகிழ்ச்சியும் இதில் உண்டு. சாலொமோனுக்குக் கப்பலில் வந்த பொருள்களுள் ஒன்றாக முதலாம் அரசர்கள் நூல் கூறும் 'துக்கீ' என்னும் பறவைப் பெயரைத் தமிழின் 'தோகை'யிலிருந்து வந்ததாக மொழியறிஞர் பலர் கருதுகின்றனர்.)

வயது முதிர்ந்து தொடங்குபவர்களுக்கு மரபே ஓர் உருவத்தைத் தந்திருக்கிறது. ரபி அகிவா நாற்பது வயது வரை எழுத்தறியாதவராக இருந்தார் என்றும், ஒரு கிணற்றடியில் நீர் விழுந்து விழுந்து கல் குழிந்திருப்பதைக் கண்டு படிக்கத் துணிந்தார் என்றும் பழைய நூல் ஒன்று சொல்கிறது. 'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்று நாம் சொல்வதற்கு இது எவ்வளவு நெருக்கமானது! அக்கதையில் என்னை அதிகம் தொடுவது கல்லன்று, அதற்கு அடுத்த காட்சி. அவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு சிறுவர்களுக்கான ஆசிரியரிடம் போய், எழுத்துப் பலகையின் ஒரு முனையை மகன் பிடிக்க, மறுமுனையைத் தாம் பிடித்து, முதலெழுத்திலிருந்து கற்றார். முனைவர் பட்டமும் முப்பது ஆண்டு அனுபவமும் உள்ளவர் எபிரேய வகுப்பில் பதினெட்டு வயதினருக்கு அருகில் அமரும்போது பிடிக்க வேண்டியதும் அந்த முனையைத்தான்.

எந்தப் பள்ளி

பள்ளியைத் தேர்ந்தெடுப்பது பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டுமன்று. எந்தச் சபைகள் உங்களை ஏற்கும் என்பதும் அதிலேயே முடிவாகிவிடுகிறது. 1875-இல் சின்சினாட்டியில் தொடங்கிய ஹீப்ரூ யூனியன் கல்லூரி சீர்திருத்தப் பிரிவுக்கும், 1886-இல் நியூயார்க்கில் நிறுவப்பட்ட யூத இறையியல் கல்லூரி 'கன்சர்வேட்டிவ்' எனப்படும் நடுவழிப் பிரிவுக்கும், 1968-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய கல்லூரி மறுகட்டமைப்புப் பிரிவுக்கும் உரியவை. மரபுவழிப் பிரிவில் யெஷிவா பல்கலைக்கழகத்தின் ரபி பள்ளி ஆண்களை மட்டுமே சேர்க்கிறது. சிறுவயது முதல் தல்மூத் படித்தவர்களை மனத்தில் வைத்தே அதன் பாடங்கள் அமைந்துள்ளன. அதே பிரிவில் பெண்களுக்காக 2009-இல் மஹாராத் தொடங்கப்பட்டது. அங்குப் பட்டம் பெறும் பெண்களை மரபுவழிச் சபைகள் பல இன்னும் ஏற்பதில்லை என்பதை அறிந்தே சேர வேண்டும்.

நடுவயதினர் தனியே கவனிக்க வேண்டியவை எப்பிரிவையும் சாராத பள்ளிகள். நியூயார்க் வட்டாரத்தில் 1956 முதல் இயங்கும் யூத சமயக் கழகம், பாஸ்டன் அருகே உள்ள ஹீப்ரூ கல்லூரி ஆகியவை வேறொரு தொழிலிலிருந்து வருபவர்களைப் பழகிய கண்ணோடு பார்க்கின்றன. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு, அதே 1956-இல் லண்டனில் தொடங்கிய லியோ பேக் கல்லூரி உண்டு. முழுநேரப் படிப்பு பெரும்பாலும் ஐந்து ஆண்டுகள் நீளும். சேர்க்கைக்குக் கட்டுரைகள், பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணல் ஆகியவற்றோடு, பல இடங்களில் உளவியல் மதிப்பீடும் நடக்கும். கட்டுரையில் உங்கள் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையை முன்வைக்காதீர்கள். எந்த மரணப்படுக்கையருகே நின்றீர்கள், எந்த நூற்பகுதி உங்களைத் தூங்கவிடாமல் செய்தது என்பதை எழுதுங்கள்.

ஆய்வகத்தை மூடுதல்

இப்பகுதியில் அவசரம் காட்டுபவர் பிறரைக் காயப்படுத்திவிடுவார். அமெரிக்காவில் அரசு தரும் ஆய்வு நல்கை பெரும்பாலும் நிறுவனத்துக்குத்தான் வழங்கப்படுகிறது. முதன்மை ஆய்வாளர் மாறுவதற்கு நல்கை தருபவரின் முன் ஒப்புதல் வேண்டும். எனவே புதிய முனைவர் பட்ட மாணவரைச் சேர்ப்பதை, நீங்கள் கிளம்ப எண்ணும் ஆண்டுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிடுவது நலம். இருக்கும் மாணவர்களுக்குச் செய்தி உங்கள் வாயிலாகவே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போய்ச் சேர வேண்டும். ஆய்வேட்டை முடிக்கும் வரை நீங்களே இணை வழிகாட்டியாக இருப்பதாக எழுத்தில் உறுதியளியுங்கள். உறைபெட்டியில் உள்ள மாதிரிகள், குறிப்பேடுகள், வெளியிடப்படாத தரவுகள் ஆகியவற்றை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள் என்று பட்டியலிட்டுத் துறையில் ஒரு படியை வையுங்கள். பாதியில் நிற்கும் கட்டுரைகளுள் எவை வெளிவரும், எவை வெளிவரா என்பதைக் கூட்டாளிகளுடன் பேசி முடியுங்கள். கடன் முடித்து வருதல் என்பது சமயப் பணிக்கு வெளியே உள்ள செயலன்று. ஒருவருக்குத் தர வேண்டிய கூலியைத் தாமதிக்கக் கூடாது என்னும், மோசேயின் ஐந்து நூல்களாகிய தோராவின் கட்டளையை வகுப்பில் விளக்கப் போகிறவருக்கு இதுவே முதல் தேர்வு.

ஊதியமும் காப்பீடும்

தோராவை மண்வெட்டியாக்கிப் பிழைக்கக் கூடாது என்கிறது தல்மூத்துக்கு அடித்தளமான பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா. 1204-இல் மறைந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இதைக் கடுமையாக வலியுறுத்தினார். அவருடைய குடும்பத்தைத் தாங்கிய வணிகரான தம்பி தாவீது இந்தியப் பெருங்கடலில் கப்பலோடு மூழ்கியபின், அவர் மருத்துவத்தால் வாழ்ந்தார். ஆனால் இரு நூற்றாண்டுகள் கழித்து, மயோர்க்கா தீவில் மருத்துவராக இருந்த சிமோன் துரான் 1391-ஆம் ஆண்டுக் கலவரத்தில் அல்ஜியர்ஸுக்கு ஓடிவந்தபோது, அங்கே மருத்துவம் சோறு போடவில்லை. சம்பளம் பெறும் ரபி ஆனார், அதற்கான சட்ட நியாயத்தையும் எழுதினார். ஊதியம் கேட்கக் கூசுபவர்கள் துரானின் வாழ்வை நினைவில் கொள்ளலாம்.

நடைமுறையில் பெரிய பள்ளம் மருத்துவக் காப்பீடு. அமெரிக்காவில் அது பெரும்பாலும் வேலையோடு கட்டப்பட்டிருப்பதாலும், முதியோருக்கான அரசுக் காப்பீடு 65 வயதில்தான் தொடங்குவதாலும், 52 வயதில் விலகுபவர் இடைப்பட்ட 13 ஆண்டுகளுக்கு வழி கண்டாக வேண்டும். துணைவரின் வேலை பலருக்கு இதில் கைகொடுக்கும். ஓய்வூதியச் சேமிப்பை ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக 10 விழுக்காடு தண்டவரி உண்டு. பட்டம் பெற்ற பின், சமயப் பணியாளருக்கான வீட்டுப் படிக்கு வருமான வரி விலக்குக் கிடைக்கும். அதே வேளையில் சமூகப் பாதுகாப்பு வரியைச் சுயதொழில் செய்பவரைப் போல் முழுவதும் தாமே கட்ட வேண்டும். இவ்விரண்டையும் அறிந்த கணக்காளர் ஒருவரை முதல் சம்பளத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

வகுப்பறையில் எளிதாக இருப்பவை

அறிவியலாளர்களுக்கு இங்கே எதிர்பாராத சொந்த ஊர் ஒன்று காத்திருக்கிறது. இறைச்சியையும் பாலையும் சேர்த்து உண்ணக் கூடாது என்பது யூத உணவுச் சட்டம். இறைச்சிக் குழம்பில் தவறுதலாகப் பால் சிந்தினால் உண்ணலாமா என்ற கேள்விக்கு, சிந்தியதைப் போல் 60 மடங்கு குழம்பு இருந்தால் சுவை அழிந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்பது விதி. வேண்டுமென்றே அப்படிக் கலக்கக் கூடாது என்பது துணைவிதி. 60 மடங்கு என்பதைப் பருமனால் அளப்பதா எடையால் அளப்பதா, பாத்திரம் உறிஞ்சியதை எப்படிக் கணக்கிடுவது என்று நூல்கள் வாதிடும்போது வேதியியலாளரின் கண்கள் ஒளிரும். நாட்காட்டிப் பாடம் வானியலாளருக்கு. ஒரு திங்கள் 29 நாள், 12 மணி, அதன்மேல் மணியை 1,080 கூறாக்கினால் 793 கூறு என்பது மரபுக் கணக்கு. இன்றைய சராசரி அளவீட்டிலிருந்து அது ஒரு விநாடிகூட விலகவில்லை. வாதத்தில் தோற்றுப்போன கருத்தையும் சொன்னவரின் பெயரோடு பதிந்து வைக்கும் வழக்கமும், தீராத வாதத்தின் முடிவில் 'தேக்கூ', அதாவது 'அப்படியே நிற்கட்டும்', என்று எழுதிவிடும் துணிவும் ஆய்வுலகிலிருந்து வருபவருக்கு உடனே பிடித்துவிடும். அறிவியலைத் துறந்தாக வேண்டும் என்ற அச்சமும் வேண்டாம். 2021-இல் மறைந்த மோஷே டெண்ட்லர் யெஷிவா பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராகவும் தல்மூத் ஆசிரியராகவும் ஒருசேர இருந்தார்.

ஆனாலும் இந்த எளிமையில் ஒரு கண்ணி இருக்கிறது. அறிவியலாளர்கள் விரும்பி மேற்கோள் காட்டும் தல்மூத் கதையொன்று உண்டு. ஓர் அடுப்பு தூய்மையானதா என்ற வழக்கில் ரபி எலியேசர் தம் பக்கம் மரத்தை நகர்த்திக் காட்டுகிறார், நீரோடையைத் திருப்பிக் காட்டுகிறார், விண்ணிலிருந்து குரலையே வரவழைக்கிறார். ரபி யெகோசுவாவோ, 'அது விண்ணில் இல்லை' என்ற தோராவின் சொல்லைக் கூறி அத்தனையையும் தள்ளுகிறார்; பெரும்பான்மையின் தீர்ப்பே நிற்கிறது. பலரும் கதையை இங்கே நிறுத்திவிடுகிறார்கள். மூலம் நிற்கவில்லை. தோற்ற எலியேசரை அறிஞர்கள் விலக்கிவைக்கிறார்கள். அச்செய்தியைத் தகுதியற்ற ஒருவர் போய்ச் சொன்னால் உலகமே அழியக்கூடும் என்று அஞ்சி, 'நான் போகிறேன்' என்கிறார் நாற்பது வயதில் எழுத்துப் பலகை பிடித்த அதே அகிவா. கறுப்பு உடுத்தி, நான்கு முழம் தள்ளி அமர்கிறார். 'இன்று என்ன வேறுபாடு?' என்று ஆசான் கேட்க, 'தோழர்கள் உம்மிடமிருந்து விலகி நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது' என்கிறார். எலியேசரின் கண்களிலிருந்து நீர் வழிகிறது. வாதத்தில் வெல்வது முதல் பாதி. அந்த நான்கு முழத் தொலைவில் எப்படி அமர்வது என்பதைக் கற்பதே நீங்கள் சேர்ந்திருக்கும் படிப்பு.

மருத்துவமனையில் கடினமாக இருப்பது

அதைக் கற்பிக்கும் இடம் மருத்துவமனை. 1925-இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் அன்டன் பாய்சன் தொடங்கிய, நோயாளிகளிடையே ஆன்மிகத் துணைப்பணியைப் பயிற்றுவிக்கும் முறையைப் பின்பற்றிய பயிற்சியைப் பல ரபி பள்ளிகள் பாடத்தில் வைத்துள்ளன. ஓர் அலகு 400 மணி நேரம். மருத்துவமனையையே வாழ்நாள் பணியாகக் கொள்ள விரும்புபவர் நான்கு அலகுகள் முடிக்க வேண்டும். நோயாளியுடன் நடந்த உரையாடலை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதி, குழுவின் முன் வாசிக்க வேண்டும். 'அவர் பயமாக இருக்கிறது என்றார். நீங்கள் ஏன் புள்ளிவிவரம் சொன்னீர்கள்?' என்று பயிற்றுநர் கேட்பார். முப்பது ஆண்டுகளாகக் கேள்விக்கு விடை தந்தே பாராட்டுப் பெற்றவருக்கு இந்த ஒரு கேள்வி எலும்பு வரை இறங்கும்.

இதற்கு நான் தரக்கூடிய வழிமுறைகள் சிலவே. அறைக்குள் நுழைந்ததும் உட்காருங்கள். நின்றுகொண்டிருப்பவர் கிளம்பப் போகிறவராகத் தெரிவார். நோயின் பெயர் காதில் விழுந்தவுடன் உங்கள் உயிரியல் அறிவு விழித்துக்கொள்ளும். அதை வாய்க்கு வர விடாதீர்கள். மருத்துவர் சொன்னதன் பொருளை நோயாளி கேட்டால்கூட, 'நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?' என்று முதலில் கேளுங்கள். அமைதி நீண்டால் மனத்துக்குள் மெல்ல முப்பது வரை எண்ணுங்கள். பெரும்பாலும் அதற்குள் அவரே பேசுவார். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள், இழந்தவர் வாய் திறக்கும் வரை பேசக் கூடாது என்று தல்மூத்தில் உள்ள விதி இங்கே சட்டமாக மட்டும் இராது, கைப்பிடியாகவே உதவும். கடவுள் ஏன் இதைச் செய்தார் என்று கேட்பவரிடம் விளக்கம் சொல்லத் தொடங்குவதே நான் அறிந்தவற்றுள் மிகப் பெரிய தவறு. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் உங்கள் சொந்த இழப்புகள் எழுந்து வரும். அவற்றைப் பேச ஓர் ஆற்றுநரை முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் இறந்தோரின் உடலைக் கழுவி உடுத்தும் 'ஹெவ்ரா கதீஷா' குழுவிலும் சேருங்கள். அங்கே பேச்சு மிகக் குறைவு, கைகளின் கவனமே எல்லாம். நுண்ணிய வேலைக்குப் பழகிய கைகளுக்கு அது நன்றாக வரும்.

பட்டத்துக்குப் பின்

ஐம்பத்தெட்டு வயதில் பட்டம் பெறுபவரைப் பெருநகரத்துப் பெரிய சபை இளைய ரபியாக எடுப்பது அரிது. இதில் நியாயம் குறைவு என்றே நினைக்கிறேன். ஆயினும் திட்டமிடும்போது இதை ஏற்றுக்கொண்டே திட்டமிட வேண்டும். முழுநேர ரபிக்குச் சம்பளம் தர இயலாத சிறு நகரச் சபைகள், மருத்துவமனைகள், இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்கள், பல்கலைக்கழக மாணவர் மையங்கள் ஆகியவையே நிதானமான முதிர்ந்தவரைத் தேடும் இடங்கள். படிக்கும்போதே மாதம் இருமுறை ஒரு சிறு சபைக்குப் போய்வரும் மாணவர் பணி கிடைத்தால் விடாதீர்கள். நாற்பது குடும்பங்கள் உள்ள ஊரில் ஒரே வாரத்தில் ஒரு பெயர்சூட்டலும் ஒரு அடக்கமும் நடத்தும்போது கற்பதை எந்த வகுப்பும் தராது.

ஒப்பந்தம் எழுதும்போது மூன்றைக் கேட்டு வாங்குங்கள். ஷபாத் உங்களுக்கு வேலைநாள் என்பதால், அதற்கு ஈடாக வாரத்தில் ஒரு முழுநாள் விடுப்பு. நள்ளிரவில் சாவுச் செய்தி வந்தால் உங்களை அழைக்க வேண்டும், மின்விளக்கு எரியவில்லை என்றால் அழைக்க வேண்டியதில்லை என்பது போன்ற தெளிவான வரையறை. வாரத்தில் ஒரு காலைப்பொழுது, கதவைச் சாத்திக்கொண்டு, எதிரே ஒருவரை அமர்த்தி, உரக்கத் தல்மூத் படிப்பதற்கு.